நெடுந்தீவுக்குக் கடல்தான் வீதி

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தக்காரருக்கும்,

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பியவர்கள் நெடுந்தீவுப் படங்களை நிறையப் போட்டிருக்கிறீர்கள். மட்டக்குதிரைகள், முருகைக்கல் வேலிகள், பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை எல்லாம் பார்த்தேன். "சொர்க்கம் சேர்" என்று இரண்டு பேர் எனக்குத் தனியாகவும் எழுதினார்கள். சந்தோசம். ஆனால் அங்கே போன படகைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு. கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

நெடுந்தீவுக்கு என்ன குறை என்று கேட்டால் தண்ணீர், மின்சாரம், ஆசிரியர், வைத்தியர் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது படகு. அந்தப் படகை யாரோ தரும் உதவியாகவே இன்னும் நினைக்கிறோம். அது உதவி அல்ல, வீதி. வீதிக்கு என்ன பொறுப்பு உண்டோ அதே பொறுப்பு படகுக்கும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று பஸ் குறிகட்டுவான் வரை போகும். அதற்கு மேல் கடல். இறங்குதுறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் மாவிலித்துறை. சோளகக் காலத்தில் படகு ஆடுகிற ஆட்டத்தில் பழகியவர்களுக்கும் வயிறு புரட்டும். காற்று மிஞ்சினால் படகே இல்லை. தீவு ஒன்றும் சின்னது அல்ல, சுமார் 50 சதுர கிலோமீற்றர். தனியான பிரதேச செயலகம், பிரதேச சபை, வைத்தியசாலை, பாடசாலைகள் எல்லாம் உண்டு. யாழ் மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளை எண்ணத் தொடங்குவதே அங்கிருந்துதான். ஜே/1 நெடுந்தீவில் இருக்கிறது.

இனி அங்கே இருப்பவர்களின் பக்கம் வாருங்கள். பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கினால் தாய்மார் முன்கூட்டியே யாழ்ப்பாணம் வந்து உறவினர் வீட்டில் தங்க வேண்டும். உறவினர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், கடற்படைப் படகோ மீன்பிடிப் படகோ கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சீமெந்தும் காஸ் சிலிண்டரும் கடல் கடந்து போய் இறங்கும்போது விலை ஏறிவிடும். அங்கே பிடித்த மீன் சந்தைக்கு வந்து சேரும்போது விலை இறங்கிவிடும். கூலி இரண்டு பக்கமும் தீவாருடையது.

ஆசிரியர்களைக் குறை சொல்வது எங்கள் வழக்கம். "வெள்ளிக்கிழமை மத்தியானமே வெளிக்கிட்டு விடுகிறார்கள்" என்பார்கள். நானும் ஆசிரியனாக இருந்தவன், எங்கள் பக்கத்துப் பிழைகளை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் படகை விட்டால் குடும்பத்தைப் பார்க்க வழியில்லை என்றால் யார்தான் ஏறமாட்டார்கள்? பின்னேரம் நம்பிக்கையான ஒரு படகு இருந்தால் கடைசிப் பாடமும் நடக்கும்.

"நாலாயிரம் பேருக்காக இவ்வளவு செலவா? இக்கரைக்கு வந்து குடியேறலாமே" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஒழுங்கையில் பத்து வீடு இருந்தாலும் அதற்குத் தார் போடுகிறோம். அந்த ஒழுங்கையால் அரசுக்கு எவ்வளவு இலாபம் என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. படகு என்றதும் மட்டும் கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது. 2022 இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்றபோது நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தோம். கடலில் சைக்கிள் ஓடாது.

முடியாத காரியமும் அல்ல. அதே குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு நாள் முழுக்கப் படகு ஓடுகிறது. அது கிட்டிய தூரம், அங்கே கோயிலும் விகாரையும் இருக்கின்றன, கூட்டம் வருகிறது. நெடுந்தீவுப் பிரிவுக்குள் வரும் கச்சதீவில் அந்தோனியார் திருவிழா என்றால் ஆயிரக்கணக்கானோர் போய்வர விடியற்காலையிலேயே பஸ்ஸும் படகும் ஒழுங்கு செய்கிறார்கள். வருடத்தில் இரண்டு நாளைக்கு முடிவது மற்ற நாட்களில் ஏன் முடியாது?

மின்சாரத்துக்கு வந்த போட்டியைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலையும் சூரிய சக்தியும் அமைக்க 2021 இல் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. இந்தியா அதை விரும்பவில்லை. 2022 மார்ச்சில் அந்தத் திட்டம் இந்தியாவோடு கையெழுத்தானது. மின்சாரம் வேண்டும்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோயாளியை இரவில் இக்கரை சேர்க்கும் படகுக்கு இப்படி ஒரு போட்டியை நான் காணவில்லை. 2017 இல் அவுஸ்திரேலியாவின் உதவியோடு 'நெடுந்தாரகை' வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். படகைத் தருவது ஒருநாள் விழா. அதற்கு டீசல், திருத்த வேலை, மாலுமிகளின் சம்பளம் எல்லாம் ஒவ்வொரு வருடமும் வேண்டும். அந்தப் பணம் வரவு செலவுத் திட்டத்தில் வீதிக்கு ஒதுக்குவதுபோல் ஒதுக்கப்பட வேண்டும்.

இன்னொன்று. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணம் செய்த எங்கள் சனங்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் அவர்களை நினைவு கூருகிறோம். அதே குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. தீவுச் சனம் அதிலேயே மீண்டும் ஏறிப் போனது. ஏறாமல் இருக்க வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சனத்துக்கு இன்றைக்கும் "நாளைக்குப் படகு வருமா" என்று கேட்க வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் மூன்று விசயம் கேட்கிறேன்.

முதலாவது, போகிறவர்களுக்கு. காலைப் படகில் தீவு மக்களுக்கு முதல் இடம் விடுங்கள். நீங்கள் படம் எடுக்கப் போகிறீர்கள், அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், ஒடியலும் கருவாடும் அங்கேயே வாங்குங்கள்.

இரண்டாவது, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் சங்கங்களில் இருப்பவர்களுக்கு. கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்த்தது போதும். இந்த முறை கூட்டத்தில் 24 மணித்தியாலமும் தயாராக நிற்கும் நோயாளர் படகு ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு ஓயாமல், அதை யார் ஓட்டுவார்கள், யார் திருத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, இங்கே அரச உத்தியோகத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு. உங்களில் சிலர் இன்று கோப்புகளில் கையெழுத்து வைக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நெடுந்தீவுப் படகு பற்றிய கோப்பு மேசைக்கு வந்தால், "பயணிகள் சேவை" என்று வாசிக்காமல் "வீதி" என்று வாசியுங்கள். முடிவு தானாக மாறும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் கை உயர்த்திய பிள்ளைகளை நான் ஒருநாளும் ஏசியதில்லை.

அன்புடன்,
உங்கள் சேர்