கருவி கிடைக்கிறது, பயிற்சி?

சென்ற ஆண்டு என் மூத்த சகோதரருக்கு இதயப் புறவழி அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்ட அன்று, கட்டிலருகே இருந்த மேசையில் உறை பிரிக்கப்படாத ஒரு பிளாஸ்டிக் கருவி இருந்தது. மூன்று குழல்கள், அவற்றுள் மூன்று பந்துகள், ஒரு ரப்பர் குழாய். 'இதை அடிக்கடி ஊதிக்கொண்டே இருங்கள்' என்று கூறிவிட்டுச் செவிலியர் அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போய்விட்டார். ஒருவருக்கு இருபது கட்டில்கள் என்ற நிலையில் அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

சகோதரர் ஊதினார். பந்துகள் அசையவே இல்லை. தையல் போட்ட மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு மேலும் ஊதினார். இரண்டு நாள் இப்படியே கழிந்தது. தன் நுரையீரல் போய்விட்டது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். மூன்றாம் நாள், இயன்முறை மருத்துவம் பயிலும் ஓர் இறுதியாண்டு மாணவி வந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. 'ஊதாதீர்கள் ஐயா, இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுங்கள்' என்றார். முதல் பந்து மேலே எழுந்தது. அறுபத்து மூன்று வயதுக்காரர் குழந்தையைப்போல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் காய்ச்சல் கண்டிருந்தது. இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருப்பதாக எக்ஸ்ரே காட்டியது. வீடு திரும்புவது தள்ளிப்போனது. தவறாக ஊதியதுதான் அதற்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். சரியாகச் செய்தவர்களுக்கும் இது நேர்கிறது. ஆனால், பல லட்சம் ரூபாய் செலவாகும் ஒரு சிகிச்சையில், இரண்டு நிமிட விளக்கத்துக்கு ஆள் இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை.

இந்தக் கருவியை நம் ஊரில் 'பந்து ஊதுகிற கருவி' என்றே பலரும் அழைக்கிறார்கள். பெயரே தவறாக வழிகாட்டுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டுமே பந்துகள் எழும். நொடிக்கு 600 மில்லிலிட்டர் வேகத்தில் இழுத்தால் முதல் பந்து, 900இல் இரண்டாவது, 1200இல் மூன்றாவது என்பது வழக்கமான அளவீடு. பந்தை உயரத்துக்குக் கொண்டுபோவதைவிட, எழுந்த பந்தைச் சில நொடிகள் கீழே விழாமல் நிறுத்தி வைப்பதே முக்கியம். சுருங்கிக் கிடக்கும் காற்று நுண்ணறைகள் விரிவதற்கு அந்த அவகாசம் வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து முறை செய்ய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கொரோனா காலத்தில் இக்கருவி மருந்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்று, பல வீடுகளுக்குள் நுழைந்தது. இவை அப்போதும் பலருக்குச் சொல்லப்படவில்லை.

இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்தால் நுரையீரல் ஏன் பாதிக்கப்பட வேண்டும்? மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்தே இதயத்தை அடைகிறார்கள். மயக்க மருந்தின் விளைவால் உதரவிதானம் தளர்கிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், அந்நேரம் முழுவதும் நுரையீரல் ஏறக்குறைய ஓய்ந்து கிடக்கும். புறவழிக்காக மார்புச் சுவரின் உட்புறத் தமனியை எடுக்கும்போது இடது நுரையீரலைச் சூழ்ந்த உறையும் பெரும்பாலும் திறந்துகொள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக வலி. பிளந்து கம்பியால் இணைக்கப்பட்ட எலும்போடு எவரும் ஆழமாக மூச்சிழுக்கவோ இருமவோ துணியமாட்டார்கள். மேலோட்டமாகவே சுவாசிப்பார்கள், சளி தேங்கும், அடிப்பகுதி சுருங்கும், சிலருக்கு அது நிமோனியாவில் முடியும். ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும் என்ற எளிய உத்தியையும் அந்த மாணவிதான் எங்களுக்குக் கற்றுத் தந்தார்.

சரி, கருவியைச் சரியாகப் பயன்படுத்தினால் போதுமா? இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்றைப் படித்தேன். புறவழி அறுவைச் சிகிச்சைக்குப் பின் இக்கருவியைப் பயன்படுத்துவது பற்றி 7 ஆய்வுகளை, மொத்தம் 592 நோயாளிகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வு, நுரையீரல் சிக்கல்களைத் தடுப்பதில் இதற்குத் தனிப்பயன் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கமும் 2011இல், இதை மட்டும் வழக்கமாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இதைப் படித்துவிட்டுக் கருவியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அந்த ஆய்வுகள் சிறியவை. பெரும்பாலானவற்றில் எதிர்த்தரப்பு நோயாளிகளுக்கும் ஏதேனும் ஒரு மூச்சுப் பயிற்சியோ இயன்முறைச் சிகிச்சையோ தரப்பட்டிருந்தது. எனவே அந்த முடிவை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எழுந்து உட்கார வைப்பது, நடக்க வைப்பது, ஆழ்ந்து மூச்சிழுக்க வைப்பது, இரும வைப்பது ஆகியவற்றைப் பக்கத்தில் நின்று செய்ய வைக்கும் மனிதருக்கு அந்தப் பந்துகள் மாற்றாகிவிட முடியாது. நம் மருத்துவமனைகள் பலவற்றிலோ, மனிதர் இல்லாத இடத்தை நிரப்பவே கருவி பயன்படுகிறது.

இதை உறுதிப்படுத்தும் சுவையான ஆய்வு ஒன்று 2019இல் 'ஜாமா சர்ஜரி' இதழில் வெளியானது. அமெரிக்காவில் புறவழி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 160 பேருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி தரப்பட்டது. பயிற்சியை நினைவூட்டும் ஒரு மணி அதில் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அந்த மணி ஒலித்தது. மற்றவர்களுக்கு அணைத்து வைக்கப்பட்டது. மணி ஒலித்தவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்தார்கள். அவர்களது நுரையீரல் சுருக்கமும் குறைவாக இருந்தது. வெறும் ஒரு மணியோசைக்கே இந்தப் பலன் என்றால், பெயர் சொல்லி அழைத்து, 'இன்னும் ஒரு முறை இழுங்கள்' என்று சொல்லும் குரலுக்கு எவ்வளவு இருக்கும்?

இதைவிட முக்கியமானது 2006இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த ஆய்வு. நுரையீரல் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள 279 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்தே, மூச்சிழுக்கும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தினமும் அளிக்கப்பட்டது. அது மூன்று பந்துக் கருவி அல்ல. மூச்சிழுக்கும்போது எதிர்விசை தரும் வேறு கருவி. பயிற்சி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் நுரையீரல் சிக்கல்கள் ஏற்பட்டன. நிமோனியா வந்தவர்கள் 6.5 விழுக்காடு, எதிர்த்தரப்பில் 16.1 விழுக்காடு. ஆக, மூச்சுப் பயிற்சியைத் தொடங்க ஏற்ற நேரம் மார்பைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. நாமோ, வலியும் மயக்கமும் அச்சமும் சூழ்ந்த நாளில், உறை பிரிக்காத கருவியோடு அதைத் தொடங்குகிறோம்.

இந்தியாவின் முதல் இதயப் புறவழி அறுவைச் சிகிச்சையை மருத்துவர் கே.எம். செரியன் 1975இல் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏழைகளுக்கும் இச்சிகிச்சை எட்டியிருப்பது தமிழ்நாடு பெருமைப்படத்தக்கது. அவசரமில்லாத நோயாளிகள் பரிசோதனைகளுக்காகவும், காப்பீட்டு ஒப்புதலுக்காகவும், தேதிக்காகவும் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பை நாம் அலுப்பாக மட்டுமே பார்க்கிறோம். உட்ரெக்ட் மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு வாரம். நம் நோயாளிகளில் பலருக்கு அது தானாகவே கிடைக்கிறது. ஒப்புதல் கடிதத்தோடு மூச்சுப் பயிற்சிக்கான ஒரு தேதியையும், தமிழில் படங்களுடன் ஒரு தாளையும் கொடுப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நிலையற்ற நெஞ்சுவலியும், முதன்மை இடது தமனியில் கடும் அடைப்பும் உள்ளவர்களுக்கு இந்த அவகாசம் இருக்காது என்பதையும், பயிற்சியை மருத்துவரின் ஒப்புதலோடே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீடு திரும்பிய பிறகான நிலை இன்னும் கவலைக்குரியது. ஆயுஷ்மான் பாரத் விதிகள் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் 15 நாள் வரையிலான செலவை ஏற்கின்றன. மார்பெலும்பு கூடிவரவே ஆறு முதல் எட்டு வாரங்களோ, அதற்கு மேலோ ஆகிறது. இதற்கு இடையில் நோயாளிக்கு வழிகாட்டுவது யார்? பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், யூடியூப் காணொலி. என் சகோதரரைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் கபாலபாதி செய்யச் சொன்னார். வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை விசையோடு வெளித்தள்ளும் பயிற்சி, கூடிவராத மார்பெலும்புக்கு ஏற்றதல்ல என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

விடை நம் கையிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாத முதியோருக்கும் பக்கவாதம் கண்டவர்களுக்கும் அவர்கள் ஆற்றும் பணி பெரிது. புறவழி அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் பெயரும் முகவரியும் அதே நாளில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தால், முதல் வாரத்தில் ஒருவர் வந்து, பந்து எழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு அவர்களது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இதய நோயாளிகளைக் கையாளத் தனிப்பயிற்சியும் தர வேண்டும். இதில் செலவு உண்டு, மறைப்பதற்கில்லை. ஒரு நிமோனியா நோயாளி மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தால் ஆகும் செலவை எடுத்து அதன் அருகில் வைத்துப் பார்க்கட்டும் என்றுதான் நிதித் துறையினரைக் கேட்டுக்கொள்வேன்.

2025 செப்டம்பரில், இயன்முறை மருத்துவர்கள் தங்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்ற விவாதம் நாடெங்கும் சூடுபிடித்தது. கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் அனுப்பியது. பிறகு உடனே அதைத் திரும்பப் பெற்றது. பட்டத்தைப் பற்றி அத்தனை பேசிய நாம், ஓர் இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இரவு நேரத்தில் எத்தனை இயன்முறை மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்று பேசவில்லை. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருந்த எனக்கு, அந்த மாணவியின் பெயருக்கு முன்னால் என்ன போடுவார்கள் என்பது பொருட்டாகவே இல்லை.

சகோதரர் இப்போது நலம். காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். சென்ற வாரம் அவருடைய பழைய அலுவலக நண்பர் ஒருவருக்குப் புறவழிச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பதாகத் தெரிந்ததும், மருந்துக் கடையில் புதிதாக ஒரு மூன்று பந்துக் கருவி வாங்கிக்கொண்டு போனார். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் மறக்கவில்லை. வாசலில் நின்றபடியே அவர் சொன்ன முதல் சொல், 'ஊதாதே, இழு.' நண்பரின் அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.