சித்தூரில் தேடுங்கள் சோளிங்கரை



"எங்க ஊர் வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?" என்று சோளிங்கர் பக்கத்து இளைஞர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வியே மனசுக்கு நிறைவாக இருக்கிறது. முன்பெல்லாம் இதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ கன்னிமாரா நூலகத்துக்கோ ரயில் ஏற வேண்டும். இன்று பாதி வேலையைக் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம்.

ஆனால் தேடத் தெரிய வேண்டும். சோளிங்கர் 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். அதற்கு முன் வேலூர், அதற்கும் முன் வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டுக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகரம்! நம் கொள்ளுத்தாத்தா காலத்து மனுக்கள் போய்ச் சேர்ந்தது அங்கேதான். ஆகவே 'ராணிப்பேட்டை' என்று மட்டும் தட்டிவிட்டு ஒன்றும் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பழைய மாவட்டம், பழைய தாலுகா எனப் பின்னோக்கிப் போங்கள். ஊர்ப் பெயரையும் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஷோலிங்கூர், ஷோலங்கூர் என மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்படித் தேடினால் என்னென்ன கிடைக்கும்? காக்ஸ் 1881-இல் எழுதி, ஸ்டூவர்ட் பிறகு திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை இன்டர்நெட் ஆர்க்கைவில் புரட்டலாம். 'எபிகிராஃபியா இண்டிகா' நான்காம் தொகுதியில், சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் ஒன்பதாம் ஆட்சியாண்டுச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதியும், வல்லாளம் என்ற இடத்தில் நடந்த போரும், 'சோழவாரிதி' என்ற ஏரியின் பெயரும் அதில் வருகின்றன. வாரிதி என்றால் கடல். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஏரிக்கு இருந்த மதிப்பு அது. 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதிய போரைப் பற்றிய பழைய நூல்களும் இணையத்தில் உண்டு. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மைய அரசு ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்'. பழைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அரசாங்கக் காகிதத்தில் வரி கட்டியவர் இருப்பார், வழக்குப் போட்டவர் இருப்பார். விடியற்காலையில் ராணிப்பேட்டைக்குத் தோல் வேலைக்குப் போன அக்கா இருக்க மாட்டார். சோளிங்கர் மலைக்கோயில் படிகளில் பக்தர்களை டோலியில் சுமந்தவரும் இருக்க மாட்டார். அவர்கள் கதை வீட்டுப் பரணில் பழைய பத்திரமாக, கூலிச் சீட்டாக, கல்யாணப் பத்திரிகையாகக் கிடக்கிறது. பெரியவர்களின் நினைவிலும் இருக்கிறது. மின்னூலகம் நாளைக்கும் திறந்திருக்கும். தாத்தா பாட்டியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள்.

அப்படிக் கிடைப்பதைப் பகல் வெளிச்சத்தில், நான்கு ஓரமும் தெரியப் படம் எடுங்கள். யார் வீட்டுக் காகிதம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்பதையும் உடனே குறித்துவையுங்கள். வீட்டாரின் சம்மதம் பெற்று எங்களுக்கு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். வருகிற இதழ்களில் அவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்