விலைக்கும் ஸ்டெப்ஸ் எழுதணும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம்ம பழைய பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கார்பன் ரோடு பைக் வாங்கிய படம் போட்டிருந்தான். செகண்ட் ஹேண்ட். விற்றவர் சொன்ன விலை 1,40,000 ரூபாய், இவன் முடித்தது 85,000. "செம டீல் மச்சி" என்று ஆளாளுக்குப் பாராட்டினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "சார் ஏன் அமைதி?" என்று சிலர் தனியாகக் கேட்டீர்கள். அதற்கான பதில் இது. வாங்கியவனிடம் போனில் பேசி, எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் வேண்டாம் சார்" என்றான். சரி என்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவது தப்பே இல்லை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசாதே, ஷோரூமில் பேசு என்று மாதத்துக்கு நாலு ஃபார்வர்டு வருகிறது. அதையே நானும் எழுதப் போவதில்லை. ஷோரூமில் நமக்கு ஏன் வாய் வருவதில்லை என்று யோசித்தீர்களா? கீரை நமக்குத் தெரியும். வாடினதா, புதுசா என்று பார்த்ததும் சொல்லிவிடுவோம். கார்பன் ஃபிரேமும் கியர் செட்டும் தெரியாது. தெரியாததில் பேசினால் மானம் போகும் என்று பயந்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்க வந்தவர் முதலில் விலை கேட்கமாட்டார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். சுழி பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பொருளைப் பார்ப்பது முதல் வேலை, பேச்சு அப்புறம்தான். சைக்கிளுக்கும் இதே வரிசைதான்.

புதுசு வாங்குகிறவர்களுக்கு முதலில்.

எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச சில்லறை விலை. அந்த "அதிகபட்ச" என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். எல்லா வரியும் சேர்த்த உச்சவரம்பு அது. அதற்கு மேல் விற்றால் குற்றம், கீழே விற்கத் தடையில்லை. ஆகவே "எம்.ஆர்.பி. இதுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் பேச்சு அங்கே ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய ஸ்டிக்கரோடு கடையில் ஒரு வண்டி நிற்கிறது, எம்.ஆர்.பி. 2,24,000 என்று வைத்துக்கொள்வோம். வரி ஏழு சதவீதம் குறைந்ததால் 2,24,000-ல் ஏழு சதவீதத்தைக் கழிப்பேன் என்று கிளம்பாதீர்கள். வரி சேர்க்காத விலையின் மீது போட்டதுதான் வரி. 2,24,000-ஐ 1.12-ஆல் வகுத்தால் 2,00,000. அதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,10,000. குறையவேண்டியது 14,000 ரூபாய். இது தள்ளுபடியே இல்லை, உங்களுக்குச் சேரவேண்டியது. தள்ளுபடிப் பேச்சை 2,10,000-லிருந்து ஆரம்பியுங்கள்.

அமெரிக்க இணையதளத்தில் டாலர் விலையைப் பார்த்து எண்பது தொண்ணூறால் பெருக்கி, கடைக்காரரைத் திருடன் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே போட்டிருக்கும் விலையில் பொதுவாக விற்பனை வரி சேர்ந்திருக்காது. இங்கே இறக்குமதி சைக்கிளுக்குச் சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30-லிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது. அதன்மேல் கப்பல் கூலி, ஜி.எஸ்.டி., கடை வாடகை. இதையெல்லாம் கடைக்காரர் பையில் போட்டுக்கொள்ளவில்லை. நம் பக்கத்துக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, எதிர்ப்பக்கத்துக் கணக்கும் சரியாக இருக்கணும்.

எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரியணும். ஷிமானோவில் டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று படிப்படியாக ஏறும். படி ஏற ஏற எடை கொஞ்சம் குறையும், விலை நிறைய ஏறும். உலகப் போட்டிகளிலேயே வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவாணி ரோட்டில் மிதிக்கிற நமக்கு இருநூறு கிராம் குறைக்க அரை லட்சம் வேண்டியதில்லை. அந்த இருநூறு கிராமை வயிற்றில் குறைக்கலாம், செலவும் இல்லை.

கடைக்காரர் ரொக்கத்தில் இறங்க முடியாதபோது பொருளிலும் வேலையிலும் இறங்குவார். இந்த ரக வண்டிகள் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் வரும். பெடல், பாட்டில் மாட்டும் கூடு, ஹெல்மெட், முதல் இரண்டு சர்வீஸ், உடம்புக்கு ஏற்றபடி சீட்டும் ஹேண்டில்பாரும் பொருத்தித் தருவது, இதெல்லாம் கேட்டு வாங்கலாம். சைஸ் மட்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டது. 54 வேண்டியவனுக்கு 58 பாதி விலையில் கிடைத்தாலும் அது நஷ்டம்தான். முதுகு வலிக்கிற வைத்தியச் செலவு பில்லில் வராது. இன்னொன்று: கடையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அளவெல்லாம் எடுக்கவைத்து, வீட்டுக்கு வந்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது சாமர்த்தியம் இல்லை. அந்த மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்தைக் கூலி தராமல் எடுத்துக்கொள்வது.

இனி செகண்ட் ஹேண்ட்.

மாட்டுக்குப் பல் மாதிரி இதற்குச் செயின். ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது, 11, 12 கியர் வண்டிக்குச் செயின் மாற்றும் நேரம். அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் பின்சக்கரப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். பிறகு ஃபிரேம். கார்பன் இரும்பு மாதிரி நசுங்கிக் காட்டாது. உள்ளே விரிசல் விட்டு வெளியே பெயின்ட் பளபளக்கலாம். கீழே விழுந்த வண்டியா என்று நேராகக் கேளுங்கள். ஹேண்டில்பார் ஓரம், பெடல் ஓரம், கியர் மாற்றும் பகுதி, இங்கே உராய்வு இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள். முன்ஃபோர்க்கின் தண்டை ஒருமுறை வெட்டிவிட்டால் மறுபடி நீட்ட முடியாது, அந்த உயரம் உங்களுக்கு ஒத்துவருமா பாருங்கள். பெடல் அச்சுக்குக் கீழே உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். பில் இல்லை என்றால் திருட்டு வண்டியாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இவ்வளவும் நம்ம ஆள் பார்த்திருக்கிறான். அதில் அவனுக்கு முழு மதிப்பெண். இப்போது அவன் விலைக்கு வருவோம்.

அவனிடமே விவரம் வாங்கிக் கணக்குப் போட்டேன். விற்றவர் இரண்டு வருஷத்துக்கு முன் 2,10,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். அந்த எண்ணை ஒதுக்கிவையுங்கள். அதே வண்டி புதுசாக இன்று கடையில் 1,80,000-க்குக் கிடைக்கிறது. கணக்கு அங்கிருந்து தொடங்கணும். இரண்டு வருஷம் ஓடியது. கம்பெனி வாரன்ட்டி முதல் உரிமையாளரோடு முடிந்தது. இதற்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறேன், 1,20,000. செயின், பல்சக்கரம், இரண்டு டயர், ஹேண்டில்பார் டேப் மாற்றணும். கடையில் சொன்ன கணக்கு 15,000. அதையும் கழித்தால் 1,05,000.

மூன்றில் ஒரு பங்கு என்பது என் மதிப்பீடுதான். "இல்லை சார், நாற்பது சதவீதம் கழிக்கணும்" என்று வாதாடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் 1,08,000-ல் 15,000 போக 93,000 வருகிறது. முப்பது சதவீதம் என்றால் 1,11,000. எப்படிப் போட்டாலும் 1,40,000 வரவில்லை. ஆகவே அவன் பேரம் பேசியது நியாயம். எப்படிப் போட்டாலும் 85,000-மும் வரவில்லை.

அப்படியானால் அந்த 85,000 எங்கிருந்து வந்தது? குழுவில் அவனே எழுதியிருந்தான்: "ஆளுக்கு வேலை போயிடுச்சு, வாடகைக்குப் பணம் வேணும்னு அவசரத்துல இருந்தாரு. ரெண்டு வாரம் பதில் போடாம இருந்தேன், அவரே இறங்கி வந்துட்டாரு." நீங்கள் கைதட்டியது இந்த வரிக்குத்தான். நான் அமைதியானதும் இந்த வரியால்தான்.

பத்தாம் வகுப்பில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, ஸ்டெப்ஸ் எழுதணும். விலைக்கும் அதேதான். செயின் தேய்ந்தது, இத்தனை குறையுங்கள். வாரன்ட்டி இல்லை, இத்தனை குறையுங்கள். இவை ஸ்டெப்ஸ். விற்கிறவர் முகத்துக்கு நேரே சொல்லலாம், அவரும் மறுத்துப் பேசலாம். "உங்களுக்கு வேலை போய்விட்டது, அதனால் இன்னும் இருபதாயிரம் குறையுங்கள்" என்று நேரே சொல்ல முடியுமா? நாக்கு எழாது. அதனால்தான் இரண்டு வாரம் பேசாமல் இருந்தான். வாயால் சொல்ல முடியாத ஒன்று விலையில் சேர்ந்திருந்தால், அந்த விலை நியாயமில்லை. நியாய விலைக்கு எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "அவர் சம்மதிச்சுத்தானே சார் குடுத்தாரு?" சம்மதித்தார். நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்று மகளைக் கட்டிக்கொடுத்த தாத்தாக்களும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நிலத்தை வாங்கியவர்களைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் என்ன பேச்சு பேசுகிறோம்? நம் தாத்தா விற்றால் அநியாயம், நாம் வாங்கினால் செம டீலா?

"நான் வாங்கலைன்னா வேற ஒருத்தன் எழுபத்தஞ்சுக்கு வாங்கியிருப்பான்." இருக்கலாம். அது அவன் கணக்கு. அவன் தப்பாகப் போடுவான் என்பதற்காக நம் தாளில் நாம் தப்பாகப் போடலாமா?

"என் பணமும் கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சதுதானே சார்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் 1,40,000 கொடுக்கச் சொல்லவில்லை. விற்கிறவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அதிகமாகக் கொடுக்கவேண்டாம், அது தர்மம். தர்மத்தை அவரவர் விருப்பம்போல் தனியாகச் செய்யலாம். நான் கேட்பது தர்மம் இல்லை. பொருளுக்கு உள்ள விலை. அவருடைய கஷ்டத்தை உங்கள் லாபக் கணக்கில் வரவு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வாங்கிய தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அந்த வித்தியாசத்தை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. விற்றவர் நம்பர் அவனிடம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. முடிவு அவனுடையது. போன் வைக்கும்போது "யோசிக்கிறேன் சார்" என்றான். கோபித்துக்கொள்ளவில்லை. இதை எழுத அவன் ஒத்துக்கொண்டதே பெரிய மனசு. கமென்ட்டில் யாரும் அவனைக் குத்திப் பேசாதீர்கள். கைதட்டியது நீங்களும்தான்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு இத்தனை எழுதிவிட்டு விற்கிறவர்களை விட்டுவிடக் கூடாது. வேலை நிலையில்லாத காலம். உங்களிலேயே யாருக்காவது நாளைக்கு வண்டியோ, லேப்டாப்போ, நகையோ அவசரத்துக்கு விற்கவேண்டி வரலாம். அப்போது அவசரத்தை முதல் வரியில் எழுதாதீர்கள். பில், சீரியல் எண், தேய்ந்த பாகங்களின் பட்டியல், இன்றைய புது விலை, நீங்கள் கழித்த கழிவு, எல்லாவற்றையும் ஸ்டெப்ஸ் போட்டு எழுதி, அதன் கீழே விலையை எழுதுங்கள். இல்லாத விலையைச் சொல்லி ஆரம்பித்தால் வருகிறவனும் இல்லாத விலையைத்தான் கேட்பான். கணக்கில் சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். நம் குழுவிலும் முதலில் போடுங்கள். தெரியாத ஒருவரிடம் போய் நிற்பதற்கு முன்னால், நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள நம்மில் ஒருவர் இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்