கதவு திறக்கவில்லை, மணி ஏன் அடிக்கிறது?

டியூப் லைட்டைப் போட்டால் அலாரம் அடிக்கிறது. போர் மோட்டாரை நிறுத்தினால் அடிக்கிறது. கதவோ பூட்டியபடியே இருக்கிறது. நாமே செய்து மாட்டும் அலாரங்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. நள்ளிரவில் இரண்டு முறை எழுப்பப்பட்ட வீட்டுக்காரர் மூன்றாம் முறை பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பிறகு அந்த வீட்டுக்குக் காவல் இல்லை. அதனால்தான் பொய் அலாரத்தைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்க முடியவில்லை.

கோளாறு வந்ததும் நம்மில் பலர் செய்வது, சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பது. பெரும்பாலும் பலன் இருக்காது. ஸ்டார்ட்டர் திறக்கும் கணத்தில் சோக்கில் எழும் பல நூறு வோல்ட் துள்ளல், கதவுவரை ஓடும் வயரில்தான் முதலில் ஏறுகிறது. பத்து மீட்டர் வயர் நல்ல ஆன்டெனா. அதை மெயின்ஸ் வயரோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

1972-இல் சிக்னெட்டிக்ஸ் வெளியிட்ட 555 இன்றும் நம் மேசையில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். கதவு திறந்ததும் பின் 2-ஐக் கிரவுண்டோடு சேர்க்கும் சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை அந்தப் பின்னைப் பிளஸ் பக்கம் பிடித்து வைத்திருப்பது ஒரு ரெசிஸ்டர் மட்டுமே. 12 வோல்ட் சப்ளையில் பின் 2 நான்கு வோல்ட்டுக்குக் கீழே ஒரு மைக்ரோசெகண்ட் இறங்கினாலும் டைமர் ஓடத் தொடங்கிவிடும். இங்கே 100 கிலோ ஓம் போட்டால் பிடி மிகத் தளர்வு. பேட்டரி மிச்சமாகும் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் கதவு மூடியிருக்கும்போது அந்த ரெசிஸ்டரில் மின்னோட்டமே கிடையாது. 1 கிலோ ஓம் போட்டாலும், கதவு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் 12 மில்லியாம்ப் போகும். மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

அடுத்தது நேரம். எந்தத் திருடனும் ஒரு மைக்ரோசெகண்டில் கதவைத் திறந்து மூடுவதில்லை. வயருக்கும் பின் 2-க்கும் நடுவே 10 கிலோ ஓம், பின் 2-இல் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்: சுவிட்ச் சுமார் 11 மில்லிசெகண்ட் தொடர்ந்து மூடியிருந்தால்தான் 555 விழிக்கும். கெபாசிட்டரின் மறுமுனையை வழக்கம்போல் கிரவுண்டில் வைக்காமல் பிளஸில் வையுங்கள். கிரவுண்டில் வைத்தால், கரண்ட் போய் வரும்போது கெபாசிட்டர் காலியாக இருக்கும், பின் 2 தாழ்ந்து நிற்கும், அலாரம் தானாக அடிக்கும். பிளஸில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பல வரைபடங்களில் தவறிப்போகும் இடம் இதுவே.

மற்றவை தெரிந்தவைதான்: பின் 4-ஐத் தொங்க விடாமல் பிளஸில் கட்டுவது, பின் 5-இல் 0.01 மைக்ரோஃபாரட், ஐ.சி.யின் காலடியிலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007. கதவு வயர் இரண்டையும் முறுக்கி இழுப்பதற்குக் காசு ஆகாது.

ஆர்டுயினோ பயன்படுத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ஊனோ போர்டின் சிப்புக்குள்ளேயே உள்ள புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம்வரை இருக்கும்; நீண்ட வயருக்கு அது போதாது. வெளியே 1 கிலோ ஓம் சேருங்கள். இன்டரப்ட் வந்தவுடன் சைரனை ஒலிக்க விடாமல், சில மில்லிசெகண்ட் இடைவெளியில் பின்னைப் பலமுறை படித்து, எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள்.

இனி இந்த இதழுக்கு அலாரம் சர்க்யூட் அனுப்புவோர் வரைபடத்தோடு சென்சார் வயரின் நீளத்தையும், அருகே டியூப் லைட்டையும் மோட்டாரையும் பலமுறை போட்டு அணைத்துப் பார்த்த விவரத்தையும் எழுத வேண்டும். மேசைமேல் அரை மீட்டர் வயரோடு வேலை செய்தது என்பதை மட்டும் வைத்து எந்தச் சர்க்யூட்டையும் அச்சிட மாட்டோம்.