பழைய கல்லும் புதிய அடுப்பும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

புதியது ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் பழையது ஒன்று வெளியேறித்தான் ஆகவேண்டுமா? இக்கேள்வி எங்கள் வீட்டில் ஒரு தோசைக்கல்லின் உருவில் வந்து நின்றது.

என் தாயார் மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். அவற்றுள் ஒரு வீட்டார், தாம் பயன்படுத்திய இண்டக்‌ஷன் அடுப்பை அம்மாவுக்குக் கொடுத்தனர். "சிலிண்டர் இன்னும் பத்து நாள் கூட வருமே!" என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் பாத்திரக் கடைக்காரரோ, "இதற்கென்று இருக்கும் பாத்திரந்தான் வைக்கவேண்டும். பழைய கல் ஆகாது" என்று சொல்லி, ஒட்டாத தோசைக்கல் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் விலை அம்மாவின் ஒரு வாரச் சம்பளம். பாட்டி கொடுத்த வார்ப்பிரும்புக் கல்லை எடைக்குப் போட்டு, மீதியைக் கைப்பணத்திலிருந்து கொடுக்க அம்மா முடிவு செய்தார். "நீதான் படிக்கிறாயே, சொல்லப்பா, சரிதானே?" என்று என்னையும் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுழல் மின்னோட்டம் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். எனினும் அன்று எனக்குப் பதில் வரவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரவு படுத்தபின்தான் பொறி தட்டியது. எழுந்து, பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கல்லின் அடியில் வைத்தேன். 'டக்' கென்று பிடித்துக்கொண்டது. விடிந்ததும் அந்தக் கல்லிலேயே அம்மா தோசை வார்த்தார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. கண்ணாடித் தட்டின் கீழுள்ள செம்புக் கம்பிச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் மின்னோட்டம் திசை மாறுகிறது. மேலே வைத்த இரும்பில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. இரும்பின் மின்தடையால் அது வெப்பமாகிறது. அடுப்பு சுடுவதில்லை, கல்லே சுடுகிறது! அலுமினியத்தையும் செம்பையும் காந்தம் கவராது. அவற்றின் மின்தடையும் குறைவு. ஆகவே சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு அவற்றை ஏற்பதில்லை. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாத வகை உண்டு.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அடி குழிந்த இரும்புச் சட்டி இதற்கு உதவாது. அடி தட்டையாக இருக்கவேண்டும். சுருள் சிறிதாகவும் கல் பெரிதாகவும் இருந்தால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. எடுத்த எடுப்பிலேயே முழுச் சூட்டில் வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு கூட்டுவதே நலம். கல்லை இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும், தூக்கித்தான் வைக்கவேண்டும்.

கடைக்காரரை நான் குறை கூறவில்லை. விற்பது அவர் தொழில். என் குறையெல்லாம் நம்மைப் போன்ற மாணவர் மீதுதான். பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். ஏழை வீட்டில் பிறந்த ஒருவர் கண்ட உண்மை, ஏழை வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேர ஏன் இத்தனை தயக்கம்? விடைத்தாளோடு நாம் அதைக் கட்டி அனுப்பிவிடுகிறோம் என்பதே என் எண்ணம்.

நண்பர்களே! அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது ஆளுக்கொரு காந்தம் எடுத்துச் செல்வோம். எந்தப் பாத்திரம் ஆகும், எது ஆகாது என்று வீடு வீடாகக் காட்டுவோம். படித்த பிள்ளையிடம் ஒரு தாய் நம்பிக் கேட்கும் கேள்விக்கு, தலையாட்டல் விடையாகாது.