பலாலி: வானமும் வேண்டும், மண்ணும் வேண்டும்

கொழும்புத்துறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை என எத்தனை ஊர்ப்பெயர்கள் எம் குடாநாட்டிலே துறையில் முடிகின்றன! துறையென்பது போவார்க்கும் வருவார்க்கும் பொதுவான வாயில். எம் முன்னோர் அவ்வாயிலைத் தாமே திறந்து வைத்திருந்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, எம்மவரான மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பாலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்திற் கொண்டுபோய் நிறுத்தினர். இத்தகைய மரபில் வந்த மக்கள், கூப்பிடு தூரத்திலுள்ள தமிழகத்துக்குப் போவதற்கு நெடுங்காலம் கட்டுநாயக்காவின் படிவாசலில் நிற்க நேர்ந்ததே, இதனினும் விந்தை வேறுண்டோ?

கொழும்புத்துறையின் கடனீரேரிக் கரையிலிருந்து பலாலி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். எமது தலைமுறையின் துறை அங்கேதான் இருக்கின்றது. அதைப்பற்றி நாம் கூற விழைவது ஒன்றே. பலாலி விமான நிலையம் வளரவேண்டும். அது வளர்வதற்கு வலிகாமம் வடக்கு மக்களின் காணி பலியாக வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையெனக் காட்டுவோர் இரண்டுக்குமே தீங்கிழைக்கின்றனர்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் தம் படைத் தேவைக்காகப் பலாலியில் விமானத் தளம் அமைத்தனர். நாடு சுதந்திரம் பெறுமுன்னரே, 1947 டிசம்பர் 10 ஆம் நாள், எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே அதன் வழியில் யாழ்ப்பாணம் இருந்தது என்பதை இன்று எத்துணைப் பேர் அறிவர்? வடக்குக்கு விமானப் போக்குவரத்து எதற்கென்று வினவுவோர்க்கு இந்த ஒரு நாளே விடையாகும்.

பின்னர் போர் வந்தது; பலாலி பாசறையாயிற்று. தரைவழி அடைபட்ட ஆண்டுகளில் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டே அங்கிருந்து விமானமேறினர். 1998 செப்டம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அந்தப் பயணத்தை அவர்கள் ஆடம்பரத்துக்காக மேற்கொள்ளவில்லை. வேறு வழியின்மையே அவர்களை அங்கே ஏற்றிற்று.

2019 ஒக்ரோபர் 17 ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் பலாலி மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் நின்றது. மறுபடி தொடங்க 2022 டிசம்பர் வரை காத்திருந்தோம். 2024 செப்டம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது; 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் பிறந்தது. அரசாங்கத்தின் விளம்பரமெதுவும் இவற்றை இழுத்து வரவில்லை. வணிக நிறுவனங்கள் இலாபமில்லாத இடத்துக்கு இரண்டாந் தடவை வருவதில்லை. ஏறுவதற்கு ஆளிருக்கக் கண்டே வந்தன.

யார் அந்த ஆட்கள்? புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் சென்னையிலே சிகிச்சை நாடுவோர்; தமிழகக் கல்லூரிகளிற் பயிலும் மாணவர்; சிதம்பரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் அடியார்; கலியாணக் கூறை எடுக்கப் போகும் குடும்பத்தார்; பிள்ளைகளை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் விட்டு ஊரிலே தனித்திருக்கும் முதியோர். பலாலி மூடியிருந்த காலத்தில் இவர்கள் பட்ட பாட்டைத் தேசப்படத்தை விரித்து வைத்தாற் சிறுபிள்ளையும் விளங்கிக்கொள்ளும். சென்னை யாழ்ப்பாணத்துக்கு நேர் வடக்கே 350 கிலோமீட்டர் அளவில் உள்ளது. திருச்சியோ 200 கிலோமீட்டருக்கும் உட்பட்டது. நோயாளியொருவர் வடக்கே போவதற்காக முதலில் இரவிரவாகத் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் வண்டியிற் குலுங்கிச் சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, விட்டு வந்த தூரத்தை மறுபடியும் வானத்தில் அளந்து சென்றார். அந்த வண்டிக்கூலியும் விடுதிக் கூலியும் வழிச் செலவும் யாழ்ப்பாணத்தார் தமது புவியியலுக்குச் செலுத்திய வரியன்று. ஒரு கதவு பூட்டப்பட்டிருந்ததற்குச் செலுத்திய வரி.

“விமானம் உத்தியோகத்தருக்கும் வெளிநாட்டுக் காசுக்காரருக்கும் உரியது, தோட்டக்காரனுக்கு அதனால் யாது பயன்?” என்று கேட்கும் கமக்கார அன்பர்கள் உளர். கேள்வி நியாயமானது. மழுப்பாது விடை கூறுவோம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் விமானத்தில் ஏறா. அவற்றின் விலை அந்தக் கூலியைத் தாங்காது. அவை லொறியிலும் கப்பலிலும் போகவேண்டியவை. நிறை குறைந்து, விலை கூடி, விரைவிற் கெடும் பொருள்களே வானத்துக்கு உரியவை. கடனீரேரி நண்டு, இறால், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். இவற்றை உண்டு பழகிய எம்மவர் உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். திருச்சியைச் சூழ்ந்த மாவட்டங்களின் மரக்கறி அவ்விமான நிலையத்தினூடாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கின்றது. எமது நண்டும் மாம்பழமும் வெளிநாடு செல்வதாயின் முதலில் வெயிலிலே தெற்கே இறங்கவேண்டும். அங்கே இடைத்தரகர் கை மாறவேண்டும்.

ஆயினும் இன்றைய பலாலியால் அந்தப் பயன் விளையாது. 2019 முதல் இந்தியாவிலிருந்து வந்த சேவைகள் ஏரிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானங்களாலேயே நடைபெற்றன. எழுபது எண்பது பேர் ஏறினால் அவர்களுடைய பொதிகளே வயிற்றை நிரப்பிவிடும். நண்டுப் பெட்டிக்கு இடமேது? ஓடுபாதையை 2,300 மீற்றர் அளவுக்குச் செப்பஞ்செய்து ஏ320 போன்ற விமானங்களை இறக்குவதே அடுத்த கட்டம் என்று அரசாங்கத்தார் 2019 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். ஓடுபாதையின் நீளத்துக்கும் கமக்காரனின் வருவாய்க்கும் உள்ள தொடர்பு இதுதான். பெரிய விமானம் வந்தாற் பொதிக்கு இடம் வரும். அதனோடு குளிர்களஞ்சியமும், பயிர்த் தொற்றுக்காப்பு அதிகாரியும், சுங்கப் பரிசோதனையும் பலாலியிலேயே அமைந்தால் விளைபொருளுக்கு வழி வரும். இவை இல்லையேல் விமான நிலையம் எம் இளைஞர் வெளியேறும் வாசலாக மட்டுமே அமையும். போவோரை ஏற்றுவது போலவே பொருளை ஏற்றி வருவாயை இறக்குவதுதான் ஒரு துறைக்கு இலக்கணம்.

பணமில்லை என்பார்கள். பணம் இருந்த காலத்தில் அது எங்கே போயிற்று என்று நாமும் கேட்கலாமன்றோ? 2013 மார்ச்சில் அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதையுடன் சர்வதேச விமான நிலையமொன்று திறக்கப்பட்டது. சீனக் கடனாக மட்டும் 190 மில்லியன் டொலர் அதற்குக் கொட்டப்பட்டது. ஏறுவதற்கு ஆளில்லை. சில ஆண்டுகளில் அதன் சரக்கு மண்டபத்திலே நெல் மூட்டை அடுக்கினார்கள். மத்தளைக்கு ஓடுபாதை இருந்தது, பயணிகள் இல்லை; பலாலிக்குப் பயணிகள் இருக்கின்றனர், ஓடுபாதை போதவில்லை. மக்கள் தேவையை அளந்து பார்க்காமல் அரசியல்வாதியின் ஊரை அளந்து பார்த்துக் கட்டினால் விளைவு இதுவே. தெற்கிலுள்ள வரியிறுப்பாளரும் அந்தக் கடனைச் சுமக்கின்றனர் ஆகலின், இது எமது முறைப்பாடு மட்டுமன்று.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான காணிப் பிரச்சினைக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதந் தொட்டு வலிகாமம் வடக்கு மக்கள் மயிலிட்டி, பலாலி, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன் முதலிய ஊர்களை விட்டு வெளியேறினர். அந்தச் செம்மண் குடாநாட்டின் தலைசிறந்த தோட்ட நிலம் என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2013 ஆம் ஆண்டிலே, போர் முடிந்து நான்காண்டு கழிந்தபின், அப்பகுதியில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. எமது கணக்கில் அது ஓர் இலட்சம் பரப்புக்கும் அதிகம்! உரிமையாளர் பெருந்தொகையினராய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015 க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன; 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் விடுபட்டது. ஆயினும், உறுதிப் பத்திரம் கையிலிருக்க, வேலிக்கு அப்பால் நின்று சொந்தக் கிணற்றைப் பார்க்கும் குடும்பங்கள் இன்னும் உள. இந்நிலையில் “விமான நிலைய விரிவாக்கம்” என்ற சொல் அவர்கள் காதில் விழும்போது நெஞ்சு துணுக்குறாதா?

அச்சத்தை நீக்கக் கணக்கொன்றே போதும். 2,300 மீற்றர் ஓடுபாதையும் இரு முனைகளிலும் விடவேண்டிய வெளியும் சேர்ந்து 2,420 மீற்றர் என்று கொள்வோம். சர்வதேச விதிகள் வேண்டும் பாதுகாப்புப் பட்டியின் அகலத்தைத் தாராளமாகவே 300 மீற்றர் என்று கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 180 ஏக்கரளவில் வருகின்றது. பயணிகள் மண்டபம், விமானத் தரிப்பிடம், களஞ்சியம், வீதி யாவற்றுக்குமாக அதை மும்மடங்கு ஆக்கினாலும் 540 ஏக்கர். 6,381 ஏக்கரில் இது பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே தளமாக உள்ள நிலம். ஆகவே விமான நிலையத்தின் பெயரால் ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்து வைத்திருக்க எந்தப் பொறியியலும் இடந்தராது.

சட்டம் இதுபற்றித் தெளிவாகவே பேசுகின்றது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி பொதுநோக்கம் இருந்தாலன்றித் தனியார் நிலத்தை எடுக்க முடியாது. எடுக்க எண்ணினால், 4 ஆம் பிரிவின்படி உரியவருக்கு அறிவித்து ஆட்சேபத்தைக் கேட்கவேண்டும். அவசரம் என்று சொல்லி 38 ஆம் பிரிவின் குறுக்குவழியிற் புகுவது, முப்பதாண்டுக்கு மேலாகக் கிடக்கும் விடயத்துக்குப் பொருந்துமா? எடுத்த நிலம் பொதுநோக்கத்துக்குப் பயன்படாதவிடத்து அதனைத் திருப்பிக் கொடுக்க 39அ பிரிவு வழிசெய்கின்றது. அந்த அதிகாரம் அமைச்சரின் விருப்புவெறுப்புக்கு விடப்பட்டதன்று, மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப்படுவது என்பதை உயர்நீதிமன்றம் 1993 ஆம் ஆண்டிலே டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கில் நிலைநாட்டிற்று. தெற்கிலே பிறந்த வழக்கின் தீர்ப்பு வடக்கின் செம்மண்ணுக்கும் பொருந்தும், சட்டத்துக்குத் திசையில்லை.

கேரளத்தைப் பார்ப்போம். 1999 மே மாதத்திலே திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையத்தை அரசாங்கம் தனித்து நின்று கட்டவில்லை. கடல் கடந்து உழைத்த மலையாளிகள் உள்ளிட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குதாரராயினர். பிழைப்பிழந்த குடும்பங்களுக்கு மாற்று நிலமும் நிலையத்திலேயே தொழிலும் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நிலம் கொடுத்தவனும் பணம் கொடுத்தவனும் அது தன்னுடையது என்று எண்ணத்தக்க ஒழுங்கு அது. புலம்பெயர்ந்த செல்வத்தில் நாம் மலையாளிகளுக்கு இளைத்தவர்களா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: நிலையத்துக்கு மெய்யாகத் தேவைப்படும் எல்லையை நில அளவையாளர் அளந்து, வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் யாவரும் காண வைக்கவேண்டும். இரண்டு: அவ்வெல்லைக்கு வெளியே உள்ள காணி உடையவரிடம் மீளவேண்டும், உள்ளே உள்ளதற்கு இன்றைய சந்தை விலையில் நட்டஈடும், விரும்புவோர்க்கு மாற்றுத் தோட்டக்காணியும், அவர்தம் பிள்ளைகளுக்கு நிலையத்தில் வேலையில் முதலுரிமையும் தரப்படவேண்டும். மூன்று: ஓடுபாதையும் குளிர்களஞ்சியமும் ஒரே திட்டத்தில் எழவேண்டும், பயணி முதலில், கமக்காரன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு ஆகாது.

அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடவில்லை. காணி உடையோர் தம் உறுதிகளையும் தோம்புப் பிரதிகளையும் இப்பொழுதே ஒழுங்குசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் பெயரிற் கிடக்கும் காணிக்கு உரித்தாளர் யாரென்று குடும்பத்துக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தைவிட எம்முடைய அசட்டை பல வழக்குகளைத் தோற்கடித்திருக்கின்றது. சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினாற் குறைந்துபோக மாட்டார்கள். கமக்காரர், கடற்றொழிலாளர் சங்கங்கள் எந்தப் பொருளை எந்த மாதத்தில் எவ்வளவு அனுப்ப இயலும் என்று எழுதி வைக்கட்டும். வரைபடம் மேசைக்கு வரும் நாளில் வெறுங்கையோடு சென்று முறையிடும் கூட்டமாக நாம் இருத்தலாகாது. உறுதியும் கணக்கும் கையில் ஏந்திச் செல்லும் உரிமையாளராக இருப்போம்.