'இது எங்க லிமிட் இல்ல சார்!'

ஒரு பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடம். மணி பதினொன்றரை. செருப்பில்லாத கால்கள் ஆயிரக்கணக்கில் நடந்துகொண்டிருக்க, தடுப்பை உரசியபடி ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியதும் அடித்த வாடையில், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கே லேசாகக் கிறுகிறுத்தது.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள், 'இந்தப் பக்கம் வராதீங்க, திரும்பிப் போங்க' என்றார். கார் திரும்பிப் போய்விட்டது. அதே போதையோடு, அதே ரோட்டில்!

'என்னங்க, விட்டுட்டீங்க?'

'நான் வெளி மாவட்டம் சார். பந்தோபஸ்துக்கு வந்தவன். இது எங்க லிமிட் இல்ல. லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லுங்க.'

பர்ஸ் தொலைந்தபோதோ, பைக் திருடு போனபோதோ நீங்களும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். எழுத்துக் கூட்டிப் படித்தாலே புரிகிறது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 202-வது பிரிவு: குடித்துவிட்டுத் தன் கண்ணெதிரே வண்டி ஓட்டுகிறவரை, யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ்காரர் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். 'தன் ஸ்டேஷன் எல்லைக்குள்' என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. ஆள் தப்பி ஓடினால்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-வது பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 45-வது பிரிவும், இந்தியாவின் எந்த மூலைக்கும் துரத்திப் போகலாம் என்கின்றன. காஷ்மீர் வரை போகச் சொல்கிறது சட்டம். நம்மவருக்கு ரமணாசிரமத்தைத் தாண்ட மனசு வரவில்லை!

இத்தனைக்கும் அவரை இங்கே அனுப்பி நிற்க வைத்ததே அரசாங்கம்தான். நிற்க அதிகாரம் உண்டு, பிடிக்க இல்லையா?

விஷயம் சட்டம் இல்லை சார், கணக்கு. கேஸ் யார் கணக்கில் ஏறும், கோர்ட்டுக்கு யார் அலைவது? பிடித்தவர் சாட்சி சொல்லச் சொந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வரவேண்டும். அந்தக் கஷ்டம் நிஜம். கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால், அவர் பிடித்துக் கொடுக்கட்டும், உள்ளூர் ஸ்டேஷன் கேஸ் போடட்டும். சாட்சியத்தை வீடியோ வழியாகப் பதிவு செய்யப் புதிய நடைமுறைச் சட்டமே இடம் தருகிறது.

'எல்லா போலீஸுக்கும் எல்லா ஊரிலும் அதிகாரமா? தாங்குமாய்யா?' என்கிறீர்களா? நியாயமான பயம். டூ வீலரை ஓரங்கட்டச் சொன்னாலே பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறவர்கள் நாம். அதற்கும் பூட்டு இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டியிருக்க வேண்டும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். இதை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும்: யாருடைய லிமிட் என்று தேடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ரத்தத்தில் போதை இறங்கிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை சிக்கினால் 2,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதத்தை 2019-ல் 10,000 ஆக்கினார்கள். சிக்கினால்தானே?

கார்த்திகை தீபத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போலீஸ் வந்து இறங்குகிறது. யார் எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்று டியூட்டி போடுகிறார்கள். அந்த உத்தரவிலேயே இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: போதையில் ஓட்டி வருகிறவரை எந்த ஊர் போலீஸாக இருந்தாலும் நிறுத்தலாம், சாவியை வாங்கலாம், கைது செய்து உள்ளூர் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். தடுப்புக்கு ஒன்றாக ஊதிப் பார்க்கிற கருவியும் கொடுத்து அனுப்பட்டும். இதை டைப் அடிக்க ஐந்து நிமிஷம் ஆகுமா?